வாசற்படி வழியே செல்லும் நேர்கோடு

கோட்டுத் துறை என்று ஒன்று இருப்பதே தையல்காரருக்குத் தலை நரைக்கும்வரை தெரியாது. தெரியாமலேயே மனிதர் ஆயுள் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சட்டைத் துணியில் கோடு, பாவாடைத் துணியில் கோடு, தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியவர்களுக்கு அதை மறைக்கிற மாதிரி ஒரு சாய்ந்த கோடு. ஒன்றுக்காவது அனுமதி வாங்கியதில்லை. அந்தக் குற்றங்களையெல்லாம் துறை பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டது. வாசலில் பலகை போட்டபோதுதான் பிடித்துக்கொண்டது.

பலகை அவர் மனைவிக்காக. தெருவில் அவளுக்குக் கண்டக்டரம்மா என்று பெயர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நின்று டிக்கெட் கிழித்தவள். ஓய்வுபெறக் கொஞ்ச காலமே இருந்தபோது ஓர் ஓட்டுநர் குறுக்கே வந்த நாய்க்காகப் பிரேக் போட்டார். நாய் பிழைத்துக்கொண்டது. கண்டக்டரம்மாவுக்கு இடுப்பு போயிற்று. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், சக்கர நாற்காலியை விட்டு எழவில்லை.

வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே மூன்று படி. ஒன்றரை அடி உயரம். தெருமுனையில் பஸ் நிறுத்தம். பழைய சகாக்கள் வண்டி மாறும் இடம் அது. அங்கே போய் உட்கார வேண்டும், வருகிறவன் போகிறவனை இரண்டு திட்டுத் திட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. தையல்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்குகிறோம் என்றார்கள். அவள் சம்மதிக்கவில்லை.

"நான் என்ன பார்சலா? ஆளுக்கொரு மூலையப் புடிச்சுத் தூக்கிட்டுப் போறதுக்கு? எனக்குக் கை இருக்கு, சக்கரம் இருக்கு. வழி மட்டும் போட்டுக் குடுங்க."

அவர் மரக்கடையிலிருந்து நீளமான பலகை ஒன்றை ஆள் வைத்துக் கொண்டுவந்து வாசலிலிருந்து தெருவுக்குச் சாய்த்துப் போடவைத்தார். ஒன்றரை அடி இறங்கப் பதினெட்டு அடி. அடிக்கு ஓர் அங்குலம் இறக்கம். சக்கரத்தைப் பிடித்து அவள் நாற்காலியை முன்னால் உருட்டினாள். முன்சக்கரம் பலகையில் ஏறியது. அதே சமயம் ஒரு லாரி வந்து நின்றது.

லாரியிலிருந்து இறங்கிய ஆள் பலகையைச் சுற்றிவந்து பார்த்தார். கீழே குனிந்தும் பார்த்தார்.

"இதுக்குச் சமன்பாடு இருக்கா?"

"இது பலகைங்க" என்றார் தையல்காரர்.

"பலகைதான். சாஞ்சிருக்கே. சாஞ்சிருந்தா கோடு. கோடுன்னா சமன்பாடு வேணும்."

பலகை லாரியில் ஏறிற்று. கண்டக்டரம்மா வாசலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, நான் ஒருத்தி அதுமேல வந்துட்டிருக்கேன், தெரியலையா?"

"தெரியுதும்மா. அதனாலதான் மெதுவா எடுத்தோம்."

கோட்டுத் துறை அலுவலகத்துக்கு ஏறிப்போகப் பெரிய படிக்கட்டு. சாய்தளம் கிடையாது. கட்டிடம் கட்டும்போது சாய்தளத்துக்கு மனுப் போட்டார்களாம், துறை இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது. விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண்மணி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"புள்ளி இருக்கா, சாய்வு இருக்கா?"

"வாசல்தாங்க இருக்கு."

அவள் பரிதாபப்பட்டு விளக்கினாள். "பாருங்க பெரியவரே. ஒரு கோட்டுக்கு ரெண்டே விஷயம்தான். எந்தப் புள்ளி வழியாப் போகுது, எவ்வளவு சாஞ்சு போகுது. அது ரெண்டும் தெரிஞ்சா சமன்பாடு எழுதிடலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இதை அஞ்சு நிமிஷத்துல எழுதும்."

"அப்போ இன்னைக்கே கெடைச்சிடுமாங்க?"

"நாங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இல்லையே."

புள்ளிப் பிரிவு ஒரு நீள அறை. புள்ளிக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை என்பார்கள். அந்தப் பிரிவில் நடக்கும் வேலையும் அப்படியே, இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே இருந்த அலுவலர் ஒல்லியாக, சீவிய பென்சில்போல இருந்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், யாருக்கும் எதுவும் செய்யவும் மாட்டார்.

"உங்க வாசல் எங்க இருக்கு?"

தையல்காரர் தெருப் பெயரைச் சொன்னார்.

"தெரு எல்லாம் நமக்கு வேண்டாம். ஆதிப்புள்ளியிலேருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்?"

"ஆதிப்புள்ளி எங்கீங்க இருக்கு?"

அலுவலர் எழுந்து நின்றார். மேலே கையைக் காட்டினார். "இயக்குநர் உட்காரும் நாற்காலி. ஊர்ல எது எங்க இருக்குன்னு அங்கேருந்துதான் ஆரம்பம். அவர் பூஜ்யம், பூஜ்யம்." சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். குரலில் அவ்வளவு மரியாதை.

நாலு பேர் அளவு நாடாவோடு கிளம்பினார்கள். இயக்குநரின் நாற்காலிக் காலில் ஒரு முனையைக் கட்டி, நடைவழி, மாடிப்படி, சாலை என்று இழுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒல்லி அலுவலர் வாசற்படியில் பென்சில் முனையால் ஒரு குத்துக் குத்தி, அதைத் தானே ஊதித் துடைத்துவிட்டு அறிவித்தார்.

"தூரம் நானூறு அடி. உயரம் கழித்தல் இருபது."

"அதென்ன கழித்தல்?" என்றாள் கண்டக்டரம்மா.

"இயக்குநருக்கு இருபதடி கீழ இருக்கீங்கம்மா."

"நான் மட்டுமா?"

"ஊரே கழித்தல்தாம்மா. மாடி வீட்டுக்காரங்களுக்குக் கொஞ்சம் கம்மி."

புள்ளிச் சான்றிதழில் முத்திரை விழப்போகும் நேரத்தில் இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது. உயர்வு என்றால் துறையில் நிஜமான உயர்வுதான், ஒரு மாடி மேலே. நாற்காலியை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் மேல்தளத்தில் வைத்தார்கள். அந்த நிமிஷத்தில் ஊர் மொத்தமும் பன்னிரண்டு அடி கீழே போயிற்று.

புள்ளிகள் எல்லாம் காலாவதி. மறுபடி அளக்க வேண்டும் என்று அலுவலகத்தைச் சுற்றி வரிசை வளைந்து நின்றது. தையல்காரருக்கு முன்னால் நின்றவர் வீட்டுக் கூரையைச் சுமப்பதுபோல் கழுத்தைச் சாய்த்து நின்றார்.

"உங்களுக்கு என்னங்க?"

"கூரைங்க. ரெண்டு இயக்குநருக்கு முன்னாடி போட்ட மனு. மழைத்தண்ணி எந்தப் பக்கம் வழியணும்னு இன்னும் உத்தரவு வரல."

"இப்போ எந்தப் பக்கம் வழியுது?"

"உள்பக்கம்."

வீட்டுக்குத் திரும்பியதும் தையல்காரர் விஷயத்தைச் சொன்னார். கண்டக்டரம்மா வாசலில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பஸ்ஸின் பின்பக்கம் மட்டும் தெரியும்.

"நான்தான் இந்த எடத்தை விட்டு ஒரு இம்மி நகரலையே. எப்படிப் பன்னெண்டடி கீழ போனேன்?"

"நீ போகல. அவர் மேல போயிட்டாரு."

"அது சரி. எப்பவும் அப்படித்தானே நடக்குது."

உயரம் கழித்தல் முப்பத்திரண்டு என்று ஒருவழியாகச் சான்றிதழ் கைக்கு வந்தது. அடுத்து சாய்வுப் பிரிவு.

புள்ளிப் பிரிவும் சாய்வுப் பிரிவும் எதிரெதிர் அறைகள். ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. இந்தச் சமன்பாட்டுக்குப் புள்ளி-சாய்வு வடிவம் என்று பெயரா, சாய்வு-புள்ளி வடிவம் என்று பெயரா, எது முன்னால் வரவேண்டும் என்று எந்தக் காலத்திலோ சண்டை வந்து, இரண்டு பேர் ஓய்வுபெற்று, ஒருவர் செத்தும் போன பிறகும் கோபம் மட்டும் பணியில் நீடித்தது. இந்த அறையில் வாங்கின காகிதத்தை அந்த அறையில் நேராகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். வெளியே போய், படியிறங்கி, மறுபடி ஏறிவந்து கொடுக்க வேண்டும்.

தையல்காரர் இறங்கி ஏறிவந்தார். சாய்வுப் பிரிவு அலுவலர் கனத்த சரீரம். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, மேஜைக்கடியில் கால் நீட்டியிருந்தார். கால் வைத்திருந்த பலகையைத் தையல்காரர் அடையாளம் கண்டுகொண்டார். அதை ஒரு முழத்துக்கு அறுத்திருந்தார்கள்.

"ஏறுதா, இறங்குதா?" என்றார் அலுவலர்.

"ரெண்டும்தாங்க. போறப்போ இறங்கும், வர்றப்போ ஏறும்."

"ஒரே கோடு எப்படிங்க ரெண்டும் பண்ணும்? வாசல்லேருந்து தெருப்பக்கம் போகப் போக உயரம் என்ன ஆகுது?"

"கொறையுதுங்க. அடிக்கு ஒரு அங்குலம்."

அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்ததை அந்த அறையில் யாரும் பார்த்ததில்லையாம். "அப்போ கழித்தல் சாய்வு கேக்குறீங்க."

"எனக்குப் பேரு தெரியாதுங்க. தெருவுல போய் இறங்கணும்."

"பெரியவரே, இது ஏறுமுக ஆண்டு. எல்லாத் துறையும் மேல்நோக்கிப் போகணும்னு அறிவிச்சாச்சு. இந்த நேரத்துல என் பிரிவுலேருந்து மட்டும் ஒரு கழித்தல் சாய்வு போச்சுன்னா என்ன நினைப்பாங்க? ஏற்கெனவே அந்த எதிர் அறைக்காரன் உங்க புள்ளியில ஒரு கழித்தலப் போட்டு வச்சிருக்கான். நானும் ஒண்ணு போட்டா, ரெண்டு பேரும் சேர்ந்து சதி பண்றோம்பாங்க. அவன்கூடச் சேர்ந்தேன்னு எனக்குப் பேர் வேண்டாம்."

"அப்போ இறங்கவே முடியாதுங்களா?"

"ஏன் இறங்கணும்? போன மாசம் பூங்காவுக்கு ஒரு சறுக்குமரம் குடுத்தோம். ஏறுமுகம். பிள்ளைங்க என்ன உற்சாகமா ஏறுதுங்க தெரியுமா!"

"ஏறி?"

"மேல நிக்குதுங்க. இறக்கிவிடறது பூங்காத் துறை."

பன்னிரண்டில் ஒன்று, கூட்டல் என்று சாய்வுச் சான்றிதழ் வந்தது. அளவு சரியாக இருந்தது. திசைதான் ஆகாயத்தைப் பார்த்திருந்தது.

கண்டக்டரம்மா அதை வாங்கிப் பார்த்தாள். "ஒரு சின்னக் கோடுதானே விட்டுப்போச்சு? காலமெல்லாம் கோடு போட்டவர்தானே நீங்க. போடுங்க."

"அரசாங்கக் காகிதம்மா."

"நான் உங்க பொண்டாட்டி. எது பெருசுன்னு பார்த்துக்கங்க."

அவர் துணிக்குக் கோடு போடும் பென்சிலால் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இழுத்தார். இந்த ஊரில் அத்தனை துணிச்சலான கோட்டை அதற்கு முன் யாரும் போட்டதில்லை. மறுநாள் காகிதத்தைத் திரும்ப வாங்கிய அந்தக் கனத்த அலுவலர், இயக்குநரிடம் அனுப்பும்முன் அதைக் கண்ணருகே கொண்டுபோய், "நூல் பிசிறு ஒட்டியிருக்கு பாருங்க, தையல்கார வீடுன்னா இப்படித்தான்" என்று சொல்லிக் கட்டை விரலால் தேய்த்துவிட்டார். பென்சில்கோடு சுத்தமாகப் போய்விட்டது.

சமன்பாடு எழுதுவது இயக்குநர் மட்டுமே. அவருடைய மேல்தள அறைச் சுவரில் சூத்திரம் பெரிதாக மாட்டியிருந்தது. ஒய் கழித்தல் புள்ளியின் உயரம், சமம், சாய்வு பெருக்கல், எக்ஸ் கழித்தல் புள்ளியின் தூரம். அதில் புள்ளியும் சாய்வும் வருமிடத்தில் எண்ணை எடுத்துப் போட வேண்டியதுதான் வேலை. இயக்குநர் பேனாவைத் திறந்தார். இரண்டு பிரிவு அலுவலர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருபுறமும் நின்றார்கள். தையல்காரர் கதவோரம் நின்றார்.

"ஒய் கழித்தல், கழித்தல் முப்பத்திரண்டு" என்று இயக்குநர் எழுதினார். எழுதியதும் முகம் சுளித்தது. "என்னய்யா இது, எடுத்த எடுப்பிலேயே ரெண்டு கழித்தல்?"

ஒல்லி அலுவலர் பதறி, "சார், கழித்தலுக்குக் கழித்தல் கூட்டலாகிடும் சார். ஒய் கூட்டல் முப்பத்திரண்டு சார்" என்றார்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா! மக்கள் எவ்வளவு கீழ இருந்தாலும் நம்ம சமன்பாட்டுக்குள்ள வந்தா கூட்டலாயிடறாங்க. இதைக் குறிப்பில சேருங்க." மேலே எழுதினார். "சமம், பன்னிரண்டில் ஒன்று பெருக்கல், எக்ஸ் கழித்தல் நானூறு." மறுபடி பேனா நின்றது. "இந்தக் கழித்தல்?"

கனத்த அலுவலர் எதிரியை மாட்டிவிடும் ஆவலோடு பார்த்தார். ஒல்லி அலுவலர் ஓரடி முன்னால் வந்தார்.

"அது... நமக்கும் மக்களுக்கும் நடுவுல இருக்கற தூரம் சார்."

இயக்குநர் யோசித்தார். "அது இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். தையல்காரர் வாயைத் திறந்தார். "ஐயா, இது வாசல்லேருந்து மேல போகுதுங்களே. தெரு கீழ இருக்குங்க."

இயக்குநர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "பெரியவரே, ஒரு புள்ளியும் ஒரு சாய்வும் கொடுத்துட்டா அதுக்கு ஒரே ஒரு கோடுதான். இன்னொரு கோடு உலகத்துல கிடையாது. எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு மக்கள் திண்டாட வேண்டாம்னுதான் இந்த ஏற்பாடே. உங்க வாசல் வழியாப் போகுதா இல்லையா?"

"போகுதுங்க."

"அப்புறம் என்ன?"

வேலை ஆரம்பித்தது. கோட்டுக்கு அகலம் கிடையாது. ஆனால் ஒப்பந்தக்காரருக்கு உண்டு, நாலு அடி. வாசற்படியிலிருந்து சிமெண்டுச் சாய்தளம் தெருப்பக்கமாக மேலேறியது. பதினெட்டாவது அடியில் தெருவுக்கு மூன்றடி மேலே, அந்தரத்தில் போய் நின்றது. கண்டக்டரம்மா அதன்மேல் ஏறிப் பார்த்தாள். முனையில் நாற்காலியை நிறுத்திக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"பஸ்ஸு டாப்புல ஏறினாப்பல இருக்கு. இறங்கத்தான் வழியில்ல." சக்கரத்தை ஒரு நொடி விட்டாள். நாற்காலி தானாகப் பின்னால் உருண்டு, வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்து தையல் எந்திரத்தில் முட்டி நின்றது.

அதோடு முடியும் என்று தையல்காரர் நினைத்தார். மறுநாள் ஆட்கள் கடப்பாரையோடு வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

"உள்ள என்னய்யா வேலை?"

"சமன்பாட்டை நல்லாப் படிங்க பெரியவரே" என்றார் கூட வந்த ஒல்லி அலுவலர். "வாசலோட நிக்கணும்னு அதுல எங்கயாவது இருக்கா? கோடு ரெண்டு பக்கமும் போகும். அந்தப் பக்கம் ஏறினா, இந்தப் பக்கம் இறங்கணும். பாதிக் கோட்டைப் போட்டுட்டு முழுசுக்குக் கையெழுத்து வாங்குற ஆள் நான் இல்ல."

அவர் நேர்மையானவர் என்று முன்பே சொன்னேனோ இல்லையோ, அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொல்லை. வாசலிலிருந்து தரை தோண்டப்பட்டது. அடிக்கு ஓர் அங்குலம் இறங்கி, கூடத்தை நடுவே பிளந்து, அடுப்படிச் சுவரை உடைத்துக்கொண்டு, பின்சுவருக்குப் போனபோது தரைமட்டம் வந்திருந்தது. பின்சுவரிலும் நாலடிக்கு வாய் திறந்தார்கள். தையல் எந்திரம் ஒரு கரையில் நின்றது, கட்டில் மறுகரையில் நின்றது. தையல்காரர் ஊசி எடுக்க ஒரு பக்கமும் நூல் எடுக்க ஒரு பக்கமுமாகத் தன் வீட்டுக்குள்ளேயே தாண்டித் தாண்டிப் போனார். வாடிக்கைக்காரர்கள் வருவது நின்றது. வாசலில் ஏற முடியாதவர்கள் எப்படி வருவார்கள்? கண்டக்டரம்மா வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும், சக்கரத்தைக் கையால் இறுக்கிக்கொண்டே உட்கார வேண்டியிருந்தது. கண்ணயர்ந்தால் பின்சுவர் ஓட்டைக்குப் போய்விடுவாள்.

பின்னால் காலி மனை. ஆட்கள் அங்கேயும் நிற்கவில்லை. தரைக்குக் கீழே பள்ளம் இறங்கிற்று. ஓரடி, இரண்டடி, மூன்றடி. ஆறடி ஆழம் வந்தபோது ஒதுக்கீடு தீர்ந்தது, மண்வெட்டிகளும் நின்றன.

திறப்புவிழா அந்தப் பள்ளத்தின் கோடியில்தான். பயனாளி இல்லாமல் விழா எப்படி? கண்டக்டரம்மாவை வீட்டுப் பின்புற ஓட்டை வழியே கீழே உருட்டிக்கொண்டு போனார்கள். கைத்தட்டலோடு அவள் இறங்கினாள். கடைசியில் அவள் தலைக்கு மேலே இன்னும் ஓர் ஆள் குந்துகிற அளவுக்கு மண்சுவர். தையல்காரர் அவள் பின்னால், நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்தபடி. இயக்குநர் மேலே விளிம்பில், நிழற்குடையின் கீழ் நின்று பேசினார்.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்த அன்று இந்த அம்மையார் தம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே வர வழியில்லை. இன்று எங்கே இருக்கிறார் என்று நீங்களே குனிந்து பாருங்கள். சிலர் கேட்கிறார்கள், இந்தக் கோடு எதற்கு, யாருக்குப் பயன் என்று. கோடு யாருக்காகவும் போடப்படுவதில்லை. கோடு கோட்டுக்காகவே போடப்படுகிறது. அதன்மேல் வந்து பொருந்துவது மக்களின் கடமை. எங்கள் துறையில் இதுவரை ஒரு கோடுகூட வளைந்ததில்லை. வளைந்தவர்கள் உண்டு, அது வேறு."

பலத்த கைத்தட்டல். பயனாளி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஒலிபெருக்கியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள்.

"சார்" என்றாள் கண்டக்டரம்மா, அண்ணாந்து பார்த்து. "இந்தக் கோடு எங்க போய் முடியுது?"

"கோட்டுக்கு முடிவே கிடையாதும்மா!" என்றார் இயக்குநர், பெருமையாக.

"எனக்கு இருக்கே சார்."

அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். வானம் இருண்டுகொண்டு வந்தது. நிழற்குடையை மடித்தார்கள், வண்டிகள் கிளம்பிப் போயின.

தையல்காரர் நாற்காலியை மேல்நோக்கித் தள்ளினார். கொஞ்ச தூரம் வந்தது. அடிவயிற்றில் தையல் இழுத்தது. சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு மண்சுவரில் சாய்ந்துகொண்டார்.

"விடுங்க. குடல் கீழ விழுந்தா அதுக்கு வேற ஒரு கோடு போடுவானுங்க" என்றாள் அவள்.

"அன்னைக்கே நாலு பேரை வச்சுத் தூக்கியிருக்கலாம்."

"தூக்கியிருக்கலாம். எனக்குத்தான் வீம்பு." சக்கரத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கும் அதைச் சொல்லக் கொஞ்சம் லேட்டாத்தான் தைரியம் வந்துச்சு."

மழை பிடித்துக்கொண்டது. முதலில் முகத்தில் பட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு வீட்டுப் பக்கமிருந்து சலசலவென்று சத்தம் கேட்டது. வாசலில் அந்தரத்தில் நின்ற சாய்தளம் மழையை வஞ்சனையில்லாமல் வாங்கி, வாசல் வழியாக வீட்டுக்குள் விட்டு, கூடம், அடுப்படி, பின்சுவர் ஓட்டை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு இங்கே அனுப்பியது. கோடு முதல்முறையாக வேலை செய்தது. வெட்டிப்போட்ட துணித்துண்டுகள், ஒரு கரண்டி, பாதி தைத்த சட்டை ஒன்று, எல்லாம் அவளைத் தாண்டி மிதந்து பள்ளத்தின் கோடிக்குப் போயின. தண்ணீர் சக்கரத்தைத் தொட்டு, பாதத்தைத் தொட்டு, முழங்காலுக்கு வந்தது.

தையல்காரர் கூச்சல் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். கயிறு போட்டு, கைகொடுத்து, நாற்காலியோடு அவளை மேலே இழுத்தார்கள். ஒருவன் அவள் காலைப் பிடித்தான், ஒருவன் தோளைப் பிடித்தான். பார்சல் என்று அவள் சொல்லவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, சேலையைப் பிழிந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இங்கேருந்து ஸ்டாப்புக்குச் சமதரைதானே?"

சமதரைதான். மனையைச் சுற்றி, பக்கத்துச் சந்து வழியாக, ஒரு படிகூட இல்லாமல் தெருமுனைக்குப் போகலாம். இத்தனை நாளும் வாசலை விட்டு வேறு யோசனை யாருக்கும் வந்ததில்லை. மழை விட்டுத் தூறலாயிற்று. அவளே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள். தையல்காரர் பின்னால் நடந்தார்.

பஸ் நிறுத்தத்தின் கூரையடியில் அவள் நாற்காலியை நிறுத்திச் சுற்றிப் பார்த்தாள். இருக்கைப் பலகை உடைந்திருந்தது. சுவரில் கால அட்டவணை கிழிந்திருந்தது. "ஒருத்தனுக்கும் பொறுப்பில்ல" என்றாள், மனநிறைவோடு.

கூரையின் மறுமூலையில் ஒல்லி அலுவலர் வீட்டுக்குப் போக பஸ்ஸுக்காக ஒதுங்கியிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அம்மா, நீங்க இங்க எப்படி?"

"வந்தேன்."

அவர் பையிலிருந்து நாடாவை எடுத்து, நாற்காலிக்கும் எதிரே தெரிந்த அலுவலகத்துக்கும் நடுவே கண்ணாலும் கையாலும் அளந்து, நனைந்த காகிதத்தில் கணக்குப் போட்டார். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் ஓர் எண் வந்தது. மறுபக்கத்தில் வேறோர் எண் வந்தது. மறுபடி போட்டார்.

"பொருந்தலம்மா. நீங்க கோட்டுல இல்ல."

"இல்லாட்டி என்னவாம்?"

"கோட்டு வழியா வெளிய வந்தாத்தாம்மா வந்ததாக் கணக்கு. இது... இதை எப்படி எழுதறது? பயனாளி வெளிய வந்தாங்கன்னு நான் போட முடியாதும்மா. மனசாட்சி இருக்கில்ல."

"அப்போ இவ இப்ப எங்க இருக்கா?" என்றார் தையல்காரர்.

அலுவலர் வருத்தத்தோடுதான் சொன்னார். "கணக்குப்படி வீட்டுக்குள்ள."

"எந்த வீட்டுக்குள்ள?" தையல்காரர் ஆயுளில் முதல்தடவையாக ஓர் அதிகாரியிடம் குரலை உயர்த்தினார். "கூடம் வாய்க்காலாக் கெடக்கு. சுவத்துல நாலடி ஓட்டை. எந்திரம் தண்ணியில நிக்குது. எந்த வீட்டுக்குள்ள சார்?"

"அது எங்க பிரிவுல வராதுங்க" என்றார் அலுவலர், நிஜமாகவே தலைகுனிந்து.

பஸ் ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர், இன்ஜினை அணைத்துவிட்டுக் கத்தினார்.

"அக்கா! நம்ம கண்டக்டரக்காவா! எத்தனை காலமாச்சு! எப்படிக்கா வெளிய வந்தீங்க?"

கண்டக்டரம்மா ஈரச் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"நான் எங்கடா வந்தேன்? வீட்டுக்குள்ளதான் இருக்கேன். நம்பலேன்னா சாரைக் கேளு."

ஓட்டுநர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் தம் காகிதத்தைப் பார்த்தார். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு, "ஆமாம்" என்றார்.